கண்ணும் கருத்தும்

மருதங்கரைக் கல்பாலத்துக்கு ஏழு கண்கள். ஆடி மாதத்தில் ஒரு மத்தியான வேளையில் அதன் ஐந்தாவது கண் மூடிக்கொண்டது. அதற்கு நேரே இருந்த ஐந்தாங்கண் தெருவும், அந்நேரம் அந்தத் தெருவில் இருந்தவர்களும் அன்றிலிருந்து யார் பார்வைக்கும் படவில்லை.

பாலத்தின் வளைவைக் கண் என்று சொல்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மருதங்கரையில் அவை பார்க்கவும் செய்யும். ஒரு கண்ணுக்கு நேரே ஒரு தெரு. கண் பார்த்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அந்தத் தெருவும் ஊராருக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்துப் பாலம் அது. இத்தனை வருஷம் கண் கொட்டாமல் பார்த்தால் கல்லுக்கும் அசதி வரத்தானே செய்யும். ஊரில் யாரும் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

சண்முகவடிவின் மகள் பூரணிக்குப் பத்து வயது. கண் மூடிய நேரத்தில் அவள் ஐந்தாங்கண் தெரு மில்லில் நின்றுகொண்டிருந்தாள். மிளகாய் அரைத்து வரச் சொல்லி அனுப்பியது வடிவுதான். இன்னும் காணோமே என்று வாசலில் நின்றவளின் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தும்மல் கேட்டது.

"எம்மா, பொடி கொண்டாந்துட்டேன்."

வடிவு கையை நீட்டினாள். சூடு ஆறாத பொட்டலம் ஒன்று உள்ளங்கையில் கனத்தது. பொட்டலமும் தெரியவில்லை, பிள்ளையும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத மிளகாய்ப்பொடியை அள்ளிப் போட்டதில் அன்றைக்குக் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை.

மற்றபடி பூரணி எப்போதும்போல் பள்ளிக்கூடம் போனாள். பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன்" என்பாள். டீச்சர் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஆப்சென்ட் போடுவார். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த அவள் அப்பா வாரம் தவறாமல் போனில் பேசினார். அவருக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாங்கண் தெருவில் எல்லாரும் ஒருவரையொருவர் பழையபடி பார்த்துக்கொள்கிறார்கள், ஊராரையும் பார்க்கிறார்கள், ஊராருக்குத்தான் அவர்களைத் தெரியவில்லை என்று பூரணி சொன்னாள்.

வடிவுக்குத்தான் உயிர் உயிராக இல்லை. மகள் காலில் கொலுசு மாட்டிவிட்டாள்; மாட்டியதும் அதுவும் மறைந்து சத்தம் மட்டும் கேட்டது. சத்தம் நின்றால் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவாள். பிள்ளை கோபித்துக்கொண்டு மூலையில் பேசாமல் உட்கார்ந்த நாட்களில் வீடு முழுக்கத் துழாவித் தேடினாள். காலையில் தலைவாரிப் பின்னுவது கைத்தடவலில்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஐப்பசியில் ஒரு நாள் பின்னிக்கொண்டிருக்கும்போதே, மச்சம் எந்தக் கன்னத்தில் இருக்கிறது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த போட்டோவில் பூரணி நின்ற இடத்தில் வெறும் செம்பருத்திச் செடிதான் இருந்தது. எந்தப் பக்கம் மச்சம் என்று மகளிடமே கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. பெற்றவளுக்கே மறந்துவிட்டதென்று பிள்ளைக்குத் தெரியக்கூடாது. இப்படியே போனால் மூக்கும் மறக்கும், முகமும் மறக்கும் என்று நினைத்தாள்.

பாலத்தைச் சீரமைக்கப் போவதாகவும், மக்கள் கருத்தைக் கேட்டே செய்யப் போவதாகவும் அறிவிப்பு வந்தபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவள் வடிவுதான். பக்கத்து நாற்காலியில் கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கல்யாண மண்டபத்து மேடையில் 'கண்ணும் கருத்தும்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். அதை யோசித்தவருக்கு அதில் பெருமை இருந்திருக்க வேண்டும். எழுத்து அத்தனை பெரிது.

பொறியாளர் ஞானசிகாமணி வெளியூர்க்காரர், பொறுமைசாலி. இரண்டு வழி இருப்பதாக விளக்கினார். ஒன்று, சாரம் கட்டிக் கல்லைப் பிரித்து அடுக்கிக் கண்ணைத் திறப்பது. அதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும், அதுவரை பஸ் வராது. மற்றது, கண்ணை கான்கிரீட் போட்டு ஒரேயடியாக அடைத்துவிடுவது. பாரம் ஐந்தாம் கண்ணிலிருந்து ஆறாம் கண்ணுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் ஒன்று செய்தாக வேண்டும் என்றார்.

அது பொய்யில்லை. ஆறாங்கண்ணின் கல் இமையும் தாழத் தொடங்கியிருந்தது. அந்தத் தெருக்காரர்கள் பொழுது சாய்ந்தால் முழங்காலுக்குக் கீழே மங்கலாகத்தான் தெரிந்தார்கள். வடிவின் வீடும் அந்தத் தெருவில்தான். ஆகவே அடைத்துவிடுங்கள் என்று முதலில் குரல் கொடுத்தவர்கள் அவளோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்தான். அடுத்த வீட்டு மூக்கம்மாள் அவள் காதருகே குனிந்தாள்.

"வடிவு, நீ சும்மா இரி. உம் பிள்ளை பேசுது, சாப்பிடுது, அது போதாதா? எனக்கு மூணு பிள்ளைய இருக்கு."

அவள் குரலிலும் பயம்தான் இருந்தது. வடிவால் அவளைத் திட்ட முடியவில்லை.

ஆட்சேபணை உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார் பொறியாளர். வடிவு தூக்கினாள்.

"நீங்க ஆறாம் கண் அம்மா. இது ஐந்தாம் கண் விஷயம். அந்தத் தெருக்காரங்க மட்டும் தூக்கட்டும்."

காலியாகக் கிடந்த நாற்காலிகளிலிருந்து ஒரே கூச்சல். வேண்டாம், அடைக்காதீங்க என்று ஆணும் பெண்ணுமாகக் கத்தினார்கள். பூரணியின் குரலும் அதில் கேட்டது. பொறியாளர் அமைதி திரும்பும்வரை காத்திருந்தார். சத்தத்தைக் கருத்தாக எடுத்துக்கொள்ள முடியாது, கையைத் தூக்குங்கள் என்றார். கூச்சல் அடங்கியது. வளையல்கள் சரிந்து இறங்கும் ஓசை வரிசை வரிசையாகக் கேட்டது. பொறியாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை நிதானமாகப் பார்த்தார்.

"ஆட்சேபணை எதுவும் காணப்படவில்லை."

கூட்டம் முடிந்தால் கைதட்டுவது மருதங்கரையில் வழக்கம். எல்லாரும் தட்டினார்கள். காலி நாற்காலிகளிலிருந்தும் கைதட்டல் வந்தது, பழக்கம் விடுமா?

வேலைக்கு வந்த கொத்தனார் அந்தோணிமுத்து ஒரு நிபந்தனை போட்டார். கண்ணைக் கழுவாமல் அடைத்தால் உறுத்தும், பாலம் கண்ணைக் கசக்கும், பிறகு மேலே போகிற பஸ்ஸுக்கு அவர் பொறுப்பில்லை. எனவே இமையை ஜாக்கி வைத்துக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடிப்பது, கழுவியதும் இறக்கிவிட்டு அடைப்பது என்று முடிவாயிற்று. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஏழு தெருவிலும் போனது. திறக்கும்போது அந்தக் கண் யாரைப் பார்க்கிறதோ அது மூடும்போது அவர்களும் மறைந்துவிடுவார்கள், ஆற்றுப் பக்கம் ஒருவரும் வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனது.

அதைக் கேட்டதும் மகளைப் பார்க்க வடிவுக்கு வழி தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் மகளுக்குத் தலை பின்னினாள். கதவைப் பூட்டவில்லை. தன்னைக் காணாமல் தேடப் போகிறவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று நினைத்தாள். பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டு படித்துறையில் இறங்கி, ஐந்தாம் கண்ணுக்கு நேர் எதிரே மணலில் போய் நின்றாள்.

"எம்மா, வீட்டுக்குப் போயிருவோம்," என்றாள் பூரணி.

"பேசாம நில்லு."

மூக்கம்மாள் கரையிலிருந்து பார்த்துவிட்டாள். என்ன இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரி. ஓடிவந்து வடிவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மூக்கம்மாளை இழுக்க அவள் புருஷன் வந்தான். அவனை இழுக்கப் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளைப் பிடிக்கத் தெருவே வந்தது. ஆற்றில் என்னவோ சண்டை என்று மற்ற தெருக்காரர்கள் வந்து நின்றார்கள். வரமாட்டேன் என்றவர்கள் மொட்டைமாடியில் ஏறிக்கொண்டார்கள். அந்தக் கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

பாலத்துக்கு மறுபுறம் ஜாக்கி கிறீச்சிட்டது. கல் இமை மேலே போயிற்று. உள்ளே ஈரமான இருட்டு. அந்தோணிமுத்து மேலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். இருட்டுக்குள் பெரிதாக ஒன்று அசைந்து, அவர்கள் பக்கம் திரும்பியது. வடிவுக்குத் தன் கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மூடவில்லை. கழுவிய கண் தெளிவாகப் பார்த்தது. அவளைப் பார்த்தது, முந்தானையைப் பிடித்திருந்த மூக்கம்மாளைப் பார்த்தது, கரையைப் பார்த்தது, மொட்டைமாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு இமை இறங்கியது. கலவை கொட்டும் சத்தம் கேட்டது.

வடிவு குனிந்து பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டு பூரணி நின்றிருந்தாள். மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. வடிவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"என்னம்மா அப்படிப் பாக்கே?"

"பின்னல் ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயுமா இருக்குட்டி."

"நீ போட்டதுதான். தினமும் அப்படித்தான் போடுதே."

வேலை முடிந்து பொறியாளர் கரைக்கு வந்தார். ஆற்றையும் ஏழு தெருவையும் பார்த்தார். ஒரே கூச்சலாகக் கேட்டது. மைக்கை வாங்கிக்கொண்டார். மீதி ஆறு கண்கள் பார்ப்பதற்கு இனி ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை என்றும், அவற்றையும் அடைத்துவிட்டால் பாலத்துக்கு ஓய்வு கிடைக்கும் என்றும், மக்கள் கருத்தைக் கேட்காமல் செய்யப் போவதில்லை என்றும் சொன்னார்.

"சத்தம் போட வேண்டாம். ஆட்சேபணை உள்ளவங்க கை தூக்கலாம்."

ஊரே கை தூக்கியது. மூக்கம்மாள் இரண்டு கையையும் தூக்கினாள். பொறியாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படித்துறையிலிருந்து கடைசி மொட்டைமாடிவரை கண்ணும் கருத்துமாகப் பார்த்தார்.

"எதுவும் காணப்படவில்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். வடிவு தட்டவில்லை. அவள் மகளைப் படியில் உட்காரவைத்து, இரண்டு கையாலும் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.