மோடத்தை அணைத்தவள்

"ஐயா, நீங்க பேசுறது விட்டு விட்டுக் கேக்குது. மறுபடி சொல்லுங்க."

மறுமுனையில் பெரியவர் சொன்னதில் பாதிதான் வந்து சேர்ந்தது. வீட்டில் இருப்பது இந்த இணையத் தொலைபேசி ஒன்றுதான். வெளிநாட்டில் இருக்கும் மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போயிருக்கிறாள். அங்கிருந்து பேசுகிற ஒரு வார்த்தையும் புரியவில்லை. இவ்வளவையும் அழைப்பை எடுத்தவள் பொறுக்கிச் சேர்ப்பதற்குள் காது வலித்தது.

அந்த இணைய நிறுவனத்தின் உதவி மையத்தில் அவளுக்கு வெடுக்கு என்று பெயர். சுற்றி வளைத்துப் பேச வராது. தகுதிகாண் காலம் இன்று மாலையோடு முடிகிறது. புருஷனுக்கு வேலை போய்விட்டது. இவளுக்கு நிரந்தரமானால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

இந்தக் கோளாறுக்கு மருந்து ஒன்றுதான், மோடத்தை அணைத்துப் போடுவது. ஆனால் அவர் பேசுவதே அந்த மோடம் வழியாகத்தான். அணைத்தால் பேச்சு அறுந்துவிடும். அறுந்த அழைப்பெல்லாம் எடுத்தவர் தலையில் தவறாக விழும். திருப்பிக் கூப்பிடவும் இங்கே வசதி கிடையாது. அதனால் அந்தக் கூடத்தில் யாரும் மோடத்தைத் தொடச் சொல்வதில்லை.

"சரிபார்க்க ஆள் வருவாங்கன்னு சொல்லி முடிடி," என்று பக்கத்து இருக்கைத் தேனக்கா மைக்கைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள். அவள் பேச்சில் தேன் ஒழுகும். வந்த கோளாறு வந்தபடியே திரும்பிப் போகும். மாதா மாதம் சிறந்த ஊழியர் அவள்தான்.

"ஆள் வர்றதுக்குள்ள குழந்தை தவழ ஆரம்பிச்சிடும்க்கா," என்றாள் வெடுக்கு. பிறகு மைக்கில், "ஐயா, மோடத்தை அணைச்சு, கொஞ்சம் பொறுத்துப் போடுங்க. நம்ம பேச்சு கட்டாயிடும். பயப்படாதீங்க, சரியாயிடும்."

பேச்சு அறுந்தது. திரையில் அவள் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி விழுந்தது. இன்னொன்று விழுந்தால் வேலை அவ்வளவுதான். அதன்பிறகு வந்தவர்களிடமெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆள் வருவாங்க," என்றே சொன்னாள். தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

மாலையில் தேனக்கா தன் ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். "உன் பெரியவர்டி. உன்கிட்டதான் பேசணுமாம்."

"தாத்தா ஆயிட்டேன்மா! குழந்தை அழுறது பக்கத்து அறையில அழுற மாதிரி கேட்டுச்சு. நன்றி சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

வெடுக்கு வாய்விட்டுச் சிரித்தாள். நிமிர்ந்தபோது பின்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தார். மைக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரே வீட்டுல இருந்து இன்னைக்கே ரெண்டாவது அழைப்பு. கோளாறு தீரலைன்னு உன் பேர்ல ரெண்டாவது சிவப்பு விழுந்திருக்கு."

"சார், அவர் நன்றி சொல்லக் கூப்பிட்டாரு! நீங்களே கேட்டுப் பாருங்க."

"நான் கேட்டு என்னம்மா? நன்றிக்குன்னு இந்தத் திரையில ஒரு இடம் இல்லையே."

அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார். ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு, கழுத்துக் கயிற்றைத் தலைவழியே உருவினாள்.

மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து பெரியவரின் குரல், ஒரு சொல்கூட உடையாமல் வந்துகொண்டிருந்தது.

"ஹலோ... ஏம்மா பேச மாட்டேங்கிற? உன் பேரைச் சொல்லும்மா. நாளைக்குக் கூப்பிட்டு உங்க மேலதிகாரிகிட்ட நல்லதா நாலு வார்த்தை சொல்றேன்."