மஞ்ஞா மெதுவாகத்தான் தொடங்கும்

புத்தளம் தில்லையடி மண்டபத்தில் அன்று கறுப்பின மக்களின் வரலாறும் இசையும் பற்றிய கற்றல் நாள். ஆபிரிக்காவின் பழைய அரசுகள், அமெரிக்காவில் அடிமைப்பட்டவர்களின் பாட்டுகள் எல்லாம் காலையிலிருந்து திரையில் ஓடின. திரையில் வராத கறுப்பர்கள் நாங்கள், கடைசியாகப் பாடி ஆடுவதற்காகப் பின்வரிசையில் குந்தியிருந்தோம். நாங்கள் பக்கத்துச் சிறாம்பியடி ஊர்க்காரர். எங்கள் முன்னோரை வெள்ளைக்காரன் ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிவந்து இந்தத் தீவில் இறக்கினான். அவன் போய்விட்டான், நாங்கள் இருக்கிறோம்.

நிகழ்ச்சியை நடத்திய றிஸ்மின் பின்னேரம் என்னிடம் ஓடி வந்தான்.

"மக்தலேனாக்கா, பள்ளிவாசல்ல மஃரிபுத் தொழுகைக்கு வாங்கு சொல்லப் போறாங்க. மெதுவான பாட்டு வேணாம், நேரா ஆட்டத்துக்குப் போங்க. சனம் சிரிச்சிக்கிட்டுப் போகட்டும்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். மஞ்ஞா என்பது எங்கள் பாட்டு. வட்டமாக உட்கார்ந்து மெதுவாகத் தொடங்குவது. சிரட்டையும் கரண்டியும் றபான் மேளமும் ஒன்றோடொன்று பழகியபிறகுதான் வேகம் ஏறும். அப்புறந்தான் ஒருத்தி எழுந்து ஆடுவாள். ஆட்டத்தை மட்டும் கேட்பது, அரிசி வேகுமுன் பந்தி போடச் சொல்வது போல.

"சிரிப்புக் காட்ட வரல்ல தம்பி. காலையிலயிருந்து நீ சொன்ன சரித்திரம் நாங்கதான்."

மேடைக் கதிரைகளை விட்டுக் கீழே பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். எங்கள் முதுகைப் பார்த்த சனம் முணுமுணுத்தது. என் தங்கை றீற்றா குரலெடுத்தாள், போர்த்துக்கேயம் கலந்த பழைய வார்த்தைகளில். சிரட்டை சேர்ந்தது, கரண்டி சேர்ந்தது. வேகம் ஏறி, நான் எழக் காலூன்றிய நேரம் பள்ளியில் வாங்கு கேட்டது.

நிறுத்தினோம். அதைப் புத்தளத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்டபம் காலியானது. றிஸ்மினும் கதிரைகளை அடுக்கிவைத்துவிட்டுத் தொழப் போனான்.

"போவம் அக்கா. இனி ஆர் வரப்போறாங்க?" என்றாள் றீற்றா.

இப்போது போனால், இந்த ஊர் எங்களைப் பற்றிக் கற்றது அரைப்பாட்டு மட்டுமே.

"இரு," என்றேன்.

முதலில் வந்தவள் பக்கத்துத் தெரு ஜெய்னம்பு. பின்னால் அவள் வீட்டுப் பெண்கள் எல்லாரும்.

"ஊட்டுக்கே கேட்டிச்சி. ஆடப்போற நேரம் நிண்டிட்டே! மிச்சம் எங்க?"

பிறகு பள்ளியிலிருந்து ஆண்கள் வந்தார்கள். கதிரைகள் அடுக்கியிருந்தன. பெண்கள் ஒருபக்கமும் ஆண்கள் ஒருபக்கமுமாக, எங்களைச் சுற்றித் தரையிலேயே உட்கார்ந்தார்கள். எங்கள் வட்டம் மண்டபமளவு பெருத்தது.

றிஸ்மின் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"விட்ட இடத்திலயிருந்து தொடங்குங்கக்கா."

"மஞ்ஞாவ நடுவில புடிக்க ஏலாது. முதல்லயிருந்துதான்."

"நேரம் சுணங்குமே?"

"ஓம், சுணங்கும்."

அவன் திரையைப் பார்த்தான், சனத்தைப் பார்த்தான். திரையை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினான். அவன் கையில் இரண்டு சிரட்டைகளை வைத்தேன்.

"மெதுவாத் தட்டு," என்றேன்.