கேதீஸ்வரியின் துவாய்

வீடு பார்க்கப் புறப்படும்போது கேதீஸ்வரி, காலையில் தலை துடைத்த துவாயை நனைத்துப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. ஆறு வருடம் கட்டி வாழ்ந்ததில், அவளிடம் கேட்பதைவிடப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது என்று படித்திருக்கிறேன்.

மலையூரான எல்லவில் ஒரு ஹோட்டலில் நான் சமையற்காரன். இரண்டு வருடமாக நான்கு பேரோடு ஒரே அறையில் படுக்கை. அவள் கடலோரத்துப் பனிச்சங்கேணியில், அவளுடைய வீட்டில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. தாலி கட்டியவன் ஒரு பெட்டியோடு அங்கே போய்ச் சேருவான். நானும் அப்படித்தான் போனேன். ஒரு பெண்ணை ‘என்னோடு வந்து இரு’ என்று கூப்பிட எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே வைத்திருந்து போன மாதம்தான் ஃபோனில் சொன்னேன். அதற்கு அவள் சொன்ன பதில்:

“வந்து பாக்கன். வீடு புடிக்காட்டி நாலு மணி பஸ்சில போயிருவன்.”

முந்தின இரவு வந்து கூட்டாளி முனாஸின் வீட்டில் தங்கினாள். காலையில் அவனுடைய ஆட்டோவில் போனோம். முதல் வீட்டு ஜன்னலைத் திறந்ததும் மலை முழுவதும் தெரிந்தது. இந்தக் காட்சிக்காக எங்கள் ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் சண்டை பிடிப்பார்கள். கேதீஸ்வரி ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய்க் கொடியில் துவாயை விரித்தாள். முக்கால் மணித்தியாலம் கழித்துத் தொட்டாள்.

“போட்டதவிட ஈரமா இரிக்கி.”

கடைத்தெருவுக்கு மேலேயிருந்த இரண்டாவது வீட்டிலும் அதே கதை.

“அக்கா வீடு பார்க்க வந்தீங்களா, உடுப்பு காயப்போட வந்தீங்களா?” என்றான் முனாஸ்.

“எங்கட ஊரில ஒரு பகலுக்குள்ள மீனே காஞ்சிரும் தம்பி. இஞ்ச துவாய்க்கே வழியில்ல.”

“அப்ப வெயிலையும் சேர்த்து வாடகைக்குக் கேப்பம்.”

நான் விசாரித்து வைத்திருந்ததில் மூன்றாவது வீடு இல்லை. மணி இரண்டாகியிருந்தது. முனாஸ் தலையைச் சொறிந்தான். “ஒன்னு இருக்கு. ரெயில் பாதையோட ஒட்டின வீடு. யாரும் எடுக்கமாட்டாங்க.”

அங்கே மலை தெரியவில்லை. தண்டவாளமும் அதில் நடந்துபோகும் சுற்றுலாக்காரர்களும்தான். மரமில்லாத சரிவு, பின்னேர வெயில் சுவரில் நேராக விழுந்தது. துவாயைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தோம். மணிக்கூட்டைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அவள் எழுந்துபோய்த் துவாயை எடுத்து முகத்தில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

“நாலு மணி பஸ்...” என்றேன்.

“அது போகட்டும்.”

பயணப் பையிலிருந்து ஒரு பொதியை எடுத்துப் பிரித்தாள். உப்புப் போட்டுப் பாதி காயவைத்த மீன். நான் மீனையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தேன்.

“என்ன பாக்கிறீங்க? மிச்சத்த இஞ்ச காயவைப்பம் எண்டுதான் கொண்டந்தன்.”

கல்லின் மேல் துவாயை விரித்து, மீன்களை வரிசையாக அடுக்கினாள். தண்டவாளத்தில் போன ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை நின்று படமெடுத்தாள்.

“படம் எடுத்தாச் சரியா புள்ள? காகம் வந்தாக் கலைச்சி விடணும்” என்றாள் கேதீஸ்வரி.

அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கியதோ, கூரையில் காகம் வந்து குந்தியதும் தொப்பியைக் கழற்றி வீசி வீசிக் கலைத்துக்கொண்டு நின்றாள்.