இனிக்காத பெட்டி

கடையின் மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட அறைக்குள், மேசைமேல் நாலு சின்ன ஸ்பீக்கர் பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு, "சாவகாசமா கேளுங்க சார்" என்று கடைக்காரர் ஒதுங்கிக்கொண்டார். கீபோர்டு மாஸ்டர் உட்காரவில்லை. மேடையில் நின்றுகொண்டுதானே வாசிக்கிறோம், கடையில் மட்டும் உட்கார்ந்து கேட்டால் என்ன தெரியும் என்பது அவர் கட்சி. முதல் பெட்டியைத் தரையில் வைக்கச் சொன்னார். பிறகு நாற்காலிமேல். பிறகு மைக் ஸ்டாண்டில் மாட்டி, முகத்தைப் பார்த்த மாதிரி சாய்க்கச் சொன்னார். குனிந்தார், நிமிர்ந்தார், ஒரு காதைப் பொத்தினார், அப்புறம் மறு காதை. பழம் வாங்குகிறவர் மாதிரி முகர்ந்து மட்டும்தான் பார்க்கவில்லை.

பின்னாலிருந்த பெஞ்சில் அவர் மனைவியும் மைத்துனனும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி அந்த இசைக்குழுவின் பாடகி. மைத்துனன் குழுவையே நடத்துகிறவன். மேடையின் ஓரத்தில் லேப்டாப்பும் மிக்சருமாக உட்கார்ந்து, யார் சத்தம் எவ்வளவு வெளியே போகவேண்டும் என்று முடிவு செய்வது அவன்தான். கடை என்று வந்துவிட்டால் வாய் ஓயாதவன், அன்றைக்கு என்னவோ செல்போனைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தான்.

போன வருடம் ஒரு காலையில் பல் தேய்க்கும்போது மாஸ்டரின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. எடுத்தார், மறுபடி நழுவியது. லேசான பக்கவாதம், இதோடு போனதே பெரிய விஷயம் என்றார்கள். வாய் கோணவில்லை, நடை மாறவில்லை. வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டன. ரப்பர் பந்தை அமுக்கு அமுக்கென்று அமுக்கி அவற்றை ஒரு வழியாகத் திரும்பக் கூப்பிட்டார். ஆசையாக வந்தனவா, கடனே என்று வந்தனவா என்பதுதான் அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வீட்டில் கீபோர்டு கிடையாது, அது குழுவின் வேனிலேயே கிடக்கும். மேடைக்குத் திரும்பிய நாளிலிருந்து ஒருவர் பாக்கியில்லாமல் "பழைய மாதிரியே வாசிக்கறீங்க மாஸ்டர்" என்றார்கள். அவரும் நம்பினார். நம்பாவிட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? மீசை முளைத்த காலத்திலிருந்து இந்த வேலையைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. வீட்டில் ஒரு பல்பு போனால்கூட மனைவிதான் ஸ்டூல் போட்டு ஏறுவாள். வாசிப்பும் போய்விட்டால் இஸ்திரி போட்ட சட்டைக்குள் சும்மா ஒரு ஆள் நிற்பான், அவ்வளவுதான்.

ஆனால் மேடையில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வாசிக்கிறவர்களுக்குத் தங்கள் சத்தம் கேட்கவேண்டும் என்று மேடையைப் பார்த்துத் தரையில் வைத்த மானிட்டர் ஒன்று உண்டு. எல்லாருக்கும் பொது. டிரம்ஸ், கிட்டார், பாட்டு எல்லாம் அதில் ஒன்றாகக் கொட்டிக் கலக்கியிருக்கும். அதற்குள் அவருடைய கீபோர்டும் கேட்கும், நன்றாகவே கேட்கும். ஆனால் கைக்கும் சத்தத்துக்கும் ஒட்டவில்லை. விரல் விழுகிற இடத்தில் சத்தம் விழவில்லை, கொஞ்சம் முன்னே பின்னே போனது. யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. "பெட்டி சரியில்ல மச்சான், எனக்குன்னு தனியா சின்னதா ஒண்ணு வேணும்" என்று ஆரம்பித்தார். மைத்துனன் மேடையில் இடமில்லை என்றான், வேனில் ஏறாது என்றான், பிளக் பாயிண்ட் பத்தாது என்றான். மாஸ்டர் விடுகிற ஆளில்லை. கடைசியில் மூன்று பேரும் கடைக்கு வந்துவிட்டார்கள்.

முதல் பெட்டி தகர டப்பா. இரண்டாவதில் கீழ்க்கட்டைகளைத் தொட்டால் பெட்டியே இருமியது. மூன்றாவது வேறு ஜாதி. நாலு கட்டையைச் சேர்த்து அமுக்கிப் பிடித்தாலே அறை முழுக்க வெல்வெட் விரித்த மாதிரி இருந்தது.

"இது நல்லாருக்குங்க. இதையே எடுத்துருவோம்" என்றாள் மனைவி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.

"ஆமா மாமா, கேக்கவே சுகமா இருக்கு. எக்கோ வேற உள்ளயே இருக்கு." மைத்துனனுக்கு அப்போதுதான் வாய் வந்தது.

"அதனாலதான் வேணாங்கறேன்" என்றார் மாஸ்டர். "எதை வாசிச்சாலும் இனிப்பாக்கிக் குடுக்குது பாரு. இனிப்பெல்லாம் உக்காந்து கேக்கறவங்களுக்கு. எனக்கு எதுக்கு? என் கை என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியணும்."

நாலாவது பெட்டி பார்க்கவும் லட்சணமில்லை, கேட்கவும் லட்சணமில்லை. போட்டதைப் போட்டபடி சொன்னது. மெதுவான வாசிப்பாகக் கொஞ்சம் வாசித்தார். கட்டையிலிருந்து விரல் எடுக்கிற இடம்கூடக் கேட்டது. சந்தோஷத்தில் வேகமாக ஒரு ஓட்டம் எடுத்துப் பார்த்தார். நடுவில் விரல் தடுக்கியது. மறுபடி எடுத்தார், அதே இடத்தில் தடுக்கியது.

"கடை கீபோர்டு. கட்டையெல்லாம் கனம்" என்றார் மாஸ்டர்.

"ஆமாங்க, பாத்தாலே தெரியுது" என்றாள் மனைவி. அந்தக் கீபோர்டின் பக்கமே அவள் போயிருக்கவில்லை.

"கீபோர்டு வயர் நேரா இதுக்கு வந்துரும் சார், பின்னாடி இதுலேருந்து மிக்சருக்குப் போகும்" என்று கடைக்காரர் விளக்கினார். "நடுவுல யாரும் கை வைக்க முடியாது. நீங்க வாசிக்கறது அப்படியே உங்க காதுக்கு."

"இதுதான்" என்றார் மாஸ்டர்.

திரும்பும்போது வேனில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது, "மச்சான், மறைக்காமச் சொல்லு. வெளிய என் வாசிப்பு ஒழுங்காக் கேக்குதா?" என்றார்.

மைத்துனன் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "வெளிய உங்க வாசிப்புதான் மாமா கேக்குது. வேற யாரோடது?"

மனைவி ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.

அந்த வாரமே ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழா. பெரிய அரங்கம், மேடைக்கு முன்னால் வட்ட மேசைகள். மாஸ்டர் சீக்கிரமே போய்த் தன் பெட்டியைத் தானே ஸ்டாண்டில் மாட்டி, வயரைத் தானே சொருகி, தரையிலிருந்த பொது மானிட்டரை மற்றவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, கர்ச்சீப்பால் ஒரு தடவை துடைத்தும் விட்டார். டிரம்ஸ் வாசிக்கிறவனுக்குக் குழுவில் இடி என்று பெயர். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, அதனால்தான் அந்தப் பெயர். அவன் காதில் இயர்போனைச் சொருகிக்கொண்டே, "புது மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க மாஸ்டர்" என்றான். மாஸ்டர் சிரித்தார். இவன் இயர்போன் போட ஆரம்பித்தது எப்போது என்று ஒரு கேள்வி வந்து, சிரிப்போடு போய்விட்டது.

முதல் பாட்டு மெதுவானது. தன் கை தனக்கே கேட்பது எவ்வளவு பெரிய சுகம் என்பதை மறந்தே போயிருந்தார். ஒவ்வொரு கட்டையும் வீடு வந்து சேர்ந்த பிள்ளை மாதிரி காதில் வந்து விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

இரண்டாவது பாட்டு வேகம். முதல் சரணத்துக்கு முன்னால் கீபோர்டுக்கென்றே ஒரு நீண்ட ஓட்டம் உண்டு. கை ஏறியது. பெட்டி சொன்னது. கடைசி இரண்டு விரல்களும் பாதிக் கட்டைகளைத் தொடவே இல்லை, தொட்டபோது பக்கத்துக் கட்டையையும் சேர்த்து அமுக்கின. ஓட்டம் ஓட்டமாக இல்லை, படிக்கட்டில் பாத்திரம் உருண்ட மாதிரி இருந்தது. மாஸ்டருக்கு வேர்த்துவிட்டது. மானம் போயிற்று என்று அரங்கத்தைப் பார்த்தார். யாரும் திரும்பவில்லை. தாளத்துக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை மேசைக்கு நடுவில் நின்று ஆடியது.

அப்போதுதான் அரங்கத்தின் பின்சுவரில் மோதித் திரும்பிவந்த சத்தத்தை அவர் கவனித்தார். அதே ஓட்டம். சுத்தமாக, சறுக்காமல், மேலே ஏறி இறங்கி, முடிகிற இடத்தில் செல்லமாக ஒரு சுழிப்பும் போட்டு நின்றது. அந்தச் சுழிப்பை அவருக்குத் தெரியும். வேறு எந்த வாசிப்புக்காரனும் அந்த இடத்தில் அதைப் போடமாட்டான். பல வருடங்களுக்கு முன் மனைவியைச் சிரிக்கவைக்க ஒரு மேடையில் அவர் போட்டது, அப்படியே பழக்கமாகிவிட்டது.

வலது கையைக் கட்டையிலிருந்து எடுத்தார். இடது கையையும் எடுத்தார். பெட்டி அடங்கியது. அரங்கத்தில் கீபோர்டு போய்க்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒவ்வொருவர் வாசிப்பையும் மைத்துனன் தனித்தனியாகப் பதிவு செய்து வைப்பான். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். விரல்கள் லீவு போடுவதற்கு முன் அவர் வாசித்ததுதான் இப்போது லேப்டாப்பிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. காதில் இயர்போனோடு அந்தப் பதிவுக்கேற்பத் தட்டிக்கொண்டிருந்த இடி அவரைப் பார்த்தான், உடனே தன் தாளத்தட்டைப் பார்த்துக்கொண்டான். மைத்துனன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. வேறு ஒருவனை வைத்திருந்தால் அவனோடு மல்லுக்கு நிற்கலாம், அவன் வாசிப்பில் நொட்டை சொல்லலாம். இதில் என்ன நொட்டை சொல்வது? நன்றாக இருந்தது. தான் இவ்வளவு நன்றாக வாசித்தோம் என்று அவருக்கு அந்தக் காலத்தில் தெரியவே தெரியாது. செத்துப்போனபின் தன் வீட்டுக்கே வந்து வாசலில் நிற்கிற ஆள் மாதிரி நின்றார்.

பாட்டு முடிந்ததும் விழா நடத்துகிறவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு யாரையோ பாராட்ட ஆரம்பித்தார். மனைவி தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் வந்தாள்.

"பெட்டி நல்லாக் கேக்குதாங்க?"

"ரொம்ப நல்லாக் கேக்குது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பாட்டில் மூடியைத் திறந்து, குடிக்காமல் மறுபடி மூடினாள்.

"எப்பலேருந்து?" என்றார்.

"நீங்க திரும்பி வந்த முதல் நாள்லேருந்து." பாட்டிலைக் கீழே வைத்தாள். "அவன் வேற ஆளப் போட்டுக்கலாம்னான். நான்தாங்க... உங்களையே போடச் சொன்னேன்."

ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயெடுத்தார். அதற்குள் அங்கே கைதட்டல் முடிந்து, அடுத்த பாட்டு என்று அறிவித்துவிட்டார்கள். அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மைக்குக்குப் போனாள்.

அடுத்த பாட்டு கீபோர்டில்தான் தொடங்கும், தனியாக. அது முடிகிற இடத்தில் மாஸ்டர் தலையசைப்பார், அவள் பாட ஆரம்பிப்பாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். எத்தனை பாட்டு மாறினாலும் அவள் அவர் தலையைப் பார்த்துத்தான் எடுப்பாள்.

மாஸ்டர் கையை நீட்டிப் பெட்டியின் குமிழைக் கடைசிவரை குறைத்தார். கைகளைக் கட்டைகள்மேல் வைத்தார், அமுக்கவில்லை. அரங்கத்தில் கீபோர்டு தொடங்கியது. மேசைகளில் பேச்சு அடங்கி, ஒன்றிரண்டு பேர் ஆகா என்றார்கள். பழைய விரல்கள் அவசரமே இல்லாமல் நடந்து வந்தன. ஒவ்வொரு அடியும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. அவள் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், மைக் உதட்டருகே இருந்தது.

சுழிப்பு வந்தது. மாஸ்டர் தலையசைத்தார், சரியான இடத்தில், ஒரு நூல் பிசகாமல்.

அவள் பாடவில்லை. வாய் திறந்திருந்தது, கண் அவருடைய அசையாத விரல்கள்மேல் இருந்தது. லேப்டாப் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, கீபோர்டு முதல் வரிக்குத் துணையாக வாசித்துக்கொண்டே மேலே போனது. இடி குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கீழே, இதுவும் பாட்டில் ஒரு பகுதி போல என்று, யாரோ கைதட்டினார்கள். ஸ்டாண்டில் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.