ஏழுக்கு நாலு

அந்த வீட்டுக்குள் திருடன் நுழையவே இல்லை. இது தெரிந்த ஒரே ஆள் பெரியவள். பதினைந்து வயசு. பதினெட்டு நாளாக இந்த ஒரு விஷயத்தைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திரிந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்ட ஒரு மத்தியானம். வீட்டில் யாரும் இல்லை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தும் சாவி விழவில்லை. தொலைப்பது இது மூன்றாவது தடவை. போன தடவை அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு டிவியே வாயை மூடிக்கொண்டது. அதனால் பின்கதவுக் கண்ணாடியை ஒரு கல்லால் தட்டி, கையை உள்ளே விட்டு, கண்ணாடி கீறியதையும் பாராமல் தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள். கூட்டி அள்ளுவதற்குள் அம்மா வந்து நின்றாள்.

“ஐயையோ, திருடனா?”

தலை தானாக ஆடிவிட்டது.

“ஆளப் பாத்தியாடி?”

“கை மட்டும் தெரிஞ்சுதும்மா.”

அப்பாவுக்கு அந்த ஒரு கை போதுமாக இருந்தது. ஊருக்கெல்லாம் கிரில் அடித்துக் கொடுக்கிற வெல்டர், தன் வீட்டுப் பின்கதவுக்கு ஒரு கம்பிகூட வைத்திருக்கவில்லை. அந்த அவமானமும் சேர்ந்துகொண்டது. “எம்புள்ள தனியா இருக்கறப்ப ஒருத்தன் கைய உடுறான்னா...” என்று ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார். மாடிப்படிக்குக் கீழே அம்மா துணி தைக்கிற இடத்தைக் காலி பண்ணச் சொன்னார். தையல் மிஷின் அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. ஏழடிக்கு நாலடியில் ஓர் அறை எழும்பியது. செங்கல் சுவர், உள்பக்கம் இரும்புத் தகடு, காற்றுக்குச் சுவரைத் துளைத்து ஒரு பைப். திருடன் வந்தால் நாலு பேரும் உள்ளே ஓடித் தாழ் போட்டுக்கொண்டு போலீசுக்குப் போன் பண்ண வேண்டும். அதுதான் திட்டம்.

கதவை எந்தப் பக்கம் திறக்க வைப்பது என்றே இரண்டு நாள் யோசித்தார்.

“வெளிய தொறக்கற மாதிரி வெச்சா, அவன் பீரோவ நகத்தி அண்டக் குடுத்துருவான். நம்ம உள்ளயே சமாதி. உள்ள தொறக்கற மாதிரி வெச்சா, உதைச்சே வந்துருவான்.”

“அப்ப கதவே வேணாம்ப்பா. சுவரா வெச்சுரு,” என்றான் வாலு. ஒன்பது வயசுத் தம்பி.

“வாயக் கொறடா. அந்த டேப்ப எடு.”

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அடைத்த இடம் ஆகாது. லிப்டில் ஏற மாட்டாள், ஏழு மாடியானாலும் படிதான். குளிக்கும்போதுகூடக் கதவை ஒரு விரல் அகலம் திறந்தே வைப்பாள். ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்: “எனக்கு அதுக்குள்ள மூச்சு முட்டுமே.”

“உம்மூச்சு பெருசா, புள்ளைங்க உசுரு பெருசா?”

அதோடு அம்மா அவரிடம் கேட்பதை விட்டுவிட்டாள். பெரியவளின் தலையைத் தடவி, “பரவால்ல, உனக்கு பயமில்லாம இருந்தா சரி,” என்றாள். அடி வாங்கியிருந்தால்கூடப் பெரியவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. கதவு மாட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் முடிவெடுத்தாள். அப்பா பட்டறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அந்த முடிவு ஓடி ஒளிந்துகொள்ளும்.

சனிக்கிழமை கதவு மாட்டியாகிவிட்டது. உள்பக்கம் திறக்கிற கதவு, விரல் தடிமனில் மூன்று தாழ்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. அப்பா விசில் ஊதினார். நாலு பேரும் ஓடி உள்ளே நுழைந்தார்கள். மூன்று தாழும் விழுந்தன. இருட்டு.

“இருவத்தோரு செகண்ட். இப்படிக் கிழவிங்க மாதிரி ஓடுனா அவன் நம்மளுக்கு முன்னாடி உள்ள வந்து உக்காந்திருப்பான். சரி, பத்து நிமிஷம் யாரும் அசையக் கூடாது.”

புதுப் பெயின்ட் வாடை. பெரியவளின் தோளில் அம்மாவின் தோள் ஒட்டியிருந்தது, ஜாக்கெட் நனைந்து சில்லென்று. அம்மாவின் மூச்சு முதலில் நீளமாக வந்தது. அப்புறம் துண்டு துண்டாக. அப்புறம் நாய் இளைப்பது மாதிரி.

“அப்பா, தொறங்க,” என்றாள் பெரியவள்.

“பைப்பு பக்கம் மூஞ்சிய வெச்சுக்க சொல்லு. பழகிரும்.”

“திருடன் வரலப்பா.”

“வருவான். அதுக்குத்தானே இது.”

“அன்னிக்கும் வரல. சாவி தொலஞ்சு போச்சு. நான்தான் கண்ணாடிய ஒடச்சேன். அந்தக் கை என்னோட கைப்பா.”

அம்மாவின் மூச்சு இன்னும் வேகமாக இரைத்தது.

“அம்மாவப் பாத்து பாவப்பட்டு சொல்ற,” என்றார் அப்பா. “எனக்குத் தெரியாதா? இன்னும் ஆறு நிமிஷம்.”

பெரியவளுக்கு ஐயோ என்றிருந்தது. உண்மையைச் சொல்லியும் கதவு திறக்கவில்லை. இதற்கு மேல் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. அப்போது அம்மாவின் விரல்கள் இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்தன. மணிக்கட்டுக்கு மேலே நீளமாக ஓடிய தழும்பில் வந்து நின்றன.

“சைக்கிள்ல விழுந்தேன்னியே... இதா?”

“ம்.”

“கதவத் தொறங்க,” என்றாள் அம்மா. அந்த மூச்சில் அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

டார்ச் எரிந்தது. வெளிச்சம் முதலில் தழும்பில் விழுந்தது, அப்புறம் பெரியவளின் முகத்தில். அப்பாவின் முகம் தெரியவில்லை.

“ஏன் சொல்லல?”

முதுகுக்குப் பின்னால் தகடு. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் வாலு. எதிரே அப்பா.

“எனக்கு பயந்துக்கிட்டா?”

சுற்றி வளைத்துச் சொல்ல இடமே இல்லை.

“ஆமாப்பா.”

டார்ச் அணைந்தது. மேல் தாழ், நடுத் தாழ், கீழ்த் தாழ். ஒவ்வொன்றாக இழுபட்டன. கதவு உள்ளே வர இடம் கொடுத்து எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அப்பா முதலில் வெளியே போனார். அம்மா தடுமாறிக்கொண்டே அவரைத் தாண்டிப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாலு நழுவி ஓடிவிட்டான்.

பெரியவள் அசையவில்லை. வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

“வெளிய வா!”

அதே பழைய சத்தம். அவள் தோள் தானாகச் சுருங்கியதை அவரும் பார்த்திருக்க வேண்டும். ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார். இன்னொரு எட்டு. தொண்டையைச் செருமினார்.

“வாம்மா,” என்றார், கேட்டும் கேட்காத குரலில்.

இதில் எந்தக் குரலை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தகட்டில் சாய்ந்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.