பேச்சை விட்டு ஆளை அடிப்பது

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. உபேந்தர் சொன்னார். சித்திப்பேட்டையில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். தினமும் மோட்டார் சைக்கிளில் ஒரு கிராமத்துக்குப் போய் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவர். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. என்னை நல்லவனாக்கிடாதீங்க, அவ்வளவுதான்" என்றார்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

பருத்தி வெடித்து வெள்ளை வெளேரென்று கிடந்த அந்தக் காலையில் வானம்—

அடித்துவிட்டேன். ஒரு பெண் அடிபட்டுச் சாகப்போகிற கதை இது. பருத்தி அழகாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

2

ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் உபேந்தர் பாடத்தில் இல்லாத ஒன்றை நடத்தினார். மனிதர்கள் யோசிக்கும்போது எங்கே சறுக்குகிறார்கள் என்பது. தருக்கப் பிழைகள் என்று பெரிய பெயர் வைத்தால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று அவர்களையே பெயர் வைக்கச் சொன்னார். ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால், முதலாவதால்தான் இரண்டாவது நடந்தது என்று முடிவு கட்டுவது 'பின்னால வந்தா அதனால வந்தது'. ஊரே சொல்கிறது, அதனால் உண்மை என்பது 'கூட்டத்துக் கணக்கு'. சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லாமல் சொன்னவனைத் தாக்குவது 'பேச்சை விட்டு ஆளை அடிப்பது'.

(இந்தக் கடைசிப் பெயரை வைத்தவள் ஸ்ரவந்தி. வகுப்பில் அவள்தான் முதல்.)

பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. ஒருவன் வீட்டில் அப்பாவிடம் போய், "நீங்க சொல்றது கூட்டத்துக் கணக்கு" என்று சொல்லி அறை வாங்கிக்கொண்டு வந்தான். அப்பா அடித்தது எந்தப் பிழையில் சேரும் என்று வகுப்பில் கேட்டான். உபேந்தர் அன்று வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்.

3

பூக்களை அடுக்கி அம்மனாக வைத்துக் கும்பிடும் பதுகம்மா பண்டிகைக்குப் பிள்ளைகள் பூப் பறிக்கப் போவது லச்சவ்வாவின் கொல்லைக்கு. பீடி சுற்றிப் பிழைக்கும் விதவை. தனியாள். கொல்லை நிறைய சாமந்தி. ஸ்ரவந்தியும் போனாள், பிறந்த வீட்டுக்கு வந்திருந்த அக்காவின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. லச்சவ்வா குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, எவ்வளவு அழகு என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் குழந்தைக்குக் காய்ச்சல். பிறகு வலிப்பு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டது.

லச்சவ்வா பாணாமதி வைத்துவிட்டாள் என்று பேச்சுக் கிளம்பியது. அங்கே செய்வினைக்கு அதுதான் பெயர். ஸ்ரவந்தியின் அப்பா ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் கூட்டச் சொன்னார்.

சனிக்கிழமை ஸ்ரவந்தி உபேந்தருக்குப் போன் செய்தாள். "சார், நாளைக்கு லச்சவ்வாவைக் கூப்பிட்டு வச்சுக் கேக்கப்போறாங்க. நீங்க வந்து பேசுங்க. நான் பேசினா எடுபடாது."

4

இந்த இடத்தில் எனக்கு ஸ்ரவந்தி மேல் சந்தேகம் வந்தது. அடுத்து அவள் செய்ததை வைத்துப் பார்த்தால் இந்தப் போன் பொருந்தவில்லை. கதைக்காரனாக எனக்கு வசதியானது போனை எடுத்துவிடுவது. அப்போது அவள் கெட்டவளாக நேராக நிற்பாள். ஆனால் போன் வந்தது, உபேந்தர் சத்தியம் செய்கிறார். ஆகவே இருக்கட்டும்.

5

ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் கூட்டம். லச்சவ்வாவைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். உபேந்தர் பேசினார். நன்றாகவே பேசினார் என்று நினைக்கிறேன். அந்த வாரம் ஊரில் இன்னும் நாலு குழந்தைகளுக்குக் காய்ச்சல், அவர்களில் யாரையும் லச்சவ்வா தொடவில்லை என்றார். பூப் பறிக்கப் போன மற்றப் பிள்ளைகளையும் அவள் தொட்டுப் பேசினாள், அவர்களெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்றார். கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. ஒருவர் எழுந்து வீட்டுக்கே கிளம்பினார்.

அப்போது குழந்தையின் தாய், ஸ்ரவந்தியின் அக்கா, தங்கையைப் பார்த்துச் சொன்னாள்: "குழந்தையை அங்க தூக்கிட்டுப் போனது யாரு? சார்கிட்ட போன்ல பேசினது யாரு?"

எல்லோரும் ஸ்ரவந்தியைப் பார்த்தார்கள்.

அவள் முகம்—

(எழுதத் தெரியவில்லை. உபேந்தர் அதைச் சொல்லும்போது தன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.)

ஸ்ரவந்தி எழுந்து நின்றாள். "சாரோட பையன் சித்திப்பேட்டையில கான்வென்ட்ல படிக்கிறான். ஒரு பண்டிகைக்குக்கூட சார் அவனை இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்ததில்ல. நம்ம குழந்தை செத்தா சாருக்கு என்ன?"

அவ்வளவுதான். கிளம்பியவர் திரும்பி வந்தார். யாரோ உபேந்தரின் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். செய்வினை வைப்பவரின் பல்லைப் பிடுங்கிவிட்டால் மந்திரம் பலிக்காது என்பது அங்கே நம்பிக்கை. பிடுங்கினார்கள். அதோடு நிற்கவில்லை. போலீஸ் வந்தபோது லச்சவ்வாவுக்கு உயிர் இருந்தது, மறுநாள் இல்லை.

6

ஸ்ரவந்தியின் அப்பாவும் இன்னும் சிலரும் ஜெயிலுக்குப் போய் ஜாமீனில் வந்திருக்கிறார்கள். உபேந்தர் சாட்சி. கூட்டத்தைத் திருப்பியது யார் என்று நீதிமன்றத்தில் கேட்பார்கள். போலீசிடம் அவர் இன்னும் அவள் பெயரைச் சொல்லவில்லை.

பள்ளியில் அவளை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார். அவளாகவே சொன்னாள்: "தப்புன்னு தெரியும் சார். எது எடுபடும்னும் தெரியும். இல்லேன்னா அடுத்து நான்தான் சார் தரையில உட்கார்ந்திருப்பேன்."

அதன்பிறகு அவர் வெள்ளிக்கிழமை வகுப்பு எடுக்கவில்லை. இப்போது நீண்ட விடுப்பில் இருக்கிறார்.

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் உபேந்தர் நீதிமன்றத்தில் பெயரைச் சொல்கிறார். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவேண்டிய பெண் விசாரணைக்குப் போகிறாள். அவளை அப்படிப் பேசவைத்த கூட்டம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றில், நினைவில்லை என்கிறார். ஸ்ரவந்தி படித்து வக்கீலாகிறாள். பெயர் பெற்ற வக்கீல். அந்த முடிவு எனக்குப் பயமாக இருந்தது.

7

இரண்டையும் உபேந்தருக்குப் படித்துக் காட்டினேன்.

"நான் பேசறேன், அந்தப் பொண்ணு பேசுது. லச்சவ்வா எங்கயுமே பேசலியே" என்றார்.

பேசினாளா என்று கேட்டேன்.

"பேசிக்கிட்டேதான் இருந்தா. நான் பேசும்போதும் கீழேயிருந்து ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தா. என்னன்னு எனக்குத் தெரியாது. நான் அடுத்து என்ன சொல்லணும்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

அந்த ஊருக்குப் போய் விசாரித்தேன். அழுதாள் என்றார் ஒருவர். மந்திரம் முணுமுணுத்தாள் என்றார் இன்னொருவர். செத்த குழந்தையின் பெயரைச் சொன்னாள் என்றாள் அவளோடு பீடி சுற்றிய ஒரு பெண். சொல்லிவிட்டு, சரியாகத் தெரியாது என்றாள்.

கதைதானே, நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

'நான் அந்தக் குழந்தையோட கன்னத்த—'

அதற்குமேல் போகவில்லை. எப்படி முடித்தாலும் அவள் தன் தரப்பை வாதாடுகிறாள், நான் அவளுக்கு வாதம் எடுத்துக்கொடுக்கிறேன். வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். நீங்கள் முடித்துப் பார்க்கலாம். ஒன்று மட்டும்: அதில் அவள் குற்றமற்றவள் என்று நிரூபிக்கவேண்டிய அவசியம் இல்லை.