ஏழு பேரில் ஒருவன்

டொக்டர் ஸப்ரியின் அறைக்குள் றாஸிக் சிரித்துக்கொண்டுதான் போனான். பின்னால் வந்த அவன் மனைவி ஜெமீலாவுக்குத்தான் கால் எழவில்லை.

அவனுடைய மூளையில் வலிப்பு கிளம்புகிற இடத்தை வெட்டியெடுத்து ஒரு வருடம். பத்துப் பேருக்கு இதைச் செய்தால் ஏழு பேருக்கு வலிப்பு திரும்பாது, இவர் எந்தப் பக்கம் என்பதை முதல் வருடம் ஓரளவு காட்டும் என்று அறுவை செய்த கொழும்பு டொக்டர் சொல்லியிருந்தார். அதுவரை மீன்பிடிக்கக் கடலுக்குப் போகக் கூடாது. வலிப்புக்கான குளிசையை ஒரு வேளையும் விடக் கூடாது. ஏழு பேரில் தானும் ஒருவன் என்று றாஸிக் சாய்ந்தமருது முழுக்கச் சொல்லித் திரிந்தான். "மிச்ச மூணு பேரும் பக்கத்தூர் மருதமுனையானா இரிக்கட்டும்," என்பான் ஜெமீலாவின் அண்ணன் நஸீம். தன் படகில் மச்சானுக்கு இடம் வைத்துக் காத்திருந்தான் அவன்.

டொக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "வெட்டின இடம் நல்லா இருக்கு. ஒரு தரமாவது வலிப்பு வந்ததா?"

"ஒண்டுமில்ல டொக்டர். இந்தமுற நோன்பும் புடிச்சன்."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. கண்டது ஜெமீலா மட்டும்தான். ஒரு நாள் நோன்பு திறக்க உட்கார்ந்திருந்தார்கள். பள்ளியில் வாங்கு சொல்லி முடிந்தும் பேரீச்சம்பழம் அவன் கையிலேயே இருந்தது. வெறும் வாய் மென்றது. மற்றக் கை உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் தெளிந்து, "வாங்கு சொல்லிட்டாங்களாகா?" என்று கேட்டான். இப்போதுதான் என்று சொல்லிவிட்டாள். அதை அன்றுமுதல் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கிறாள்.

"அப்ப, கடலுக்குப் போறதைப் பத்தி..." டொக்டர் பேனாவை எடுத்தார்.

"ஒருக்கா வந்தது," என்றாள் ஜெமீலா.

றாஸிக் திரும்பினான். "என்னகா கதைக்காய்?"

அவள் கண்டதைச் சொன்னாள்.

"பசி மயக்கமா இரிக்கும்."

"பசிக்கு வெறும் வாய் மெல்லுமா?"

டொக்டர் குறுக்கிட்டார். "அண்டைக்கு விடியக் குளிசை குடிச்சீங்களா?"

றாஸிக் நிலத்தைப் பார்த்தான். "ஸஹர் சோத்துக்கு எழும்பப் பிந்திட்டு. குளிசையக் கையில எடுக்கக்குள்ள சுபஹு வாங்கு சொல்லிட்டாங்க. நோன்பு போயிரும் எண்டு திரும்ப டப்பிக்குள்ள போட்டன்."

"நோயாளிக்கு மார்க்கத்துலயே சலுகை இருக்கு. என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாம்." பேனாவை மூடினார். "குளிசை விட்டதால வந்திருக்கலாம். ஆபரேஷன் பிழைச்சிட்டு எண்டு சொல்ல மாட்டன். ஏழு பேருக்குள்ளதான் எண்டும் இப்ப சொல்ல ஏலாது. குளிசையை ஒழுங்கா குடிச்சு இன்னொரு வருஷம் பார்ப்பம். கடல் வேணாம்."

வெளியே வந்ததும் அவன் ஓட்டோக்களைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தான். மதிலோரம் நின்றான். அவள் கிட்டே போகப் பயந்து தள்ளியே நின்றாள்.

"அண்டைக்குக் கண் தெறந்தா இரிந்தன்?"

"ஓம். என்னத்தான் பாத்துட்டு இரிந்தீங்க. ஆனா என்னத் தெரியல்ல உங்களுக்கு."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அது படகுல வந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரிக்காது என்ன," என்றான். பிறகு போனை எடுத்து, "நஸீம், வேற ஆளப் பாரு மச்சான்," என்றான்.